மேடத்துக்கு வந்த தௌரா

ஒரு மனுஷி உயிருக்கும் சாவுக்கும் நடுவில் கிடந்தபோது, அவரைக் காப்பாற்ற வேண்டிய மருந்தைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு நான் வாசலில் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். நேர்கோடு. மழை அழித்தது. திரும்பவும் போட்டேன்.

இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஏனென்றால் உங்கள் அம்மா இந்தக் கதையைச் சொல்லும்போது கோட்டில்தான் ஆரம்பிப்பாள், நீங்கள் இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பீர்கள். சிரியுங்கள். ஆனால் அவள் சொல்லாமல் விடுகிற பாகம் ஒன்று இருக்கிறது. அதில் மூளைக்குள் நடக்கிற ஒரு காரியம் வருகிறது. பத்தாவது பாஸ் பண்ணினவன் பாஷையில், எனக்குப் புரிந்த அளவு அதையும் எழுதிவைக்கிறேன். தப்பு இருந்தால் டாக்டரைக் குறை சொல்லாதீர்கள். என் காதைக் குறை சொல்லுங்கள்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. சாயல்குடிப் பக்கத்திலிருந்து கப்பல் ஏறி இந்தத் தீவுக்கு வந்து ஒன்றரை மாதம் ஆகியிருந்தது. போர்ட் பிளேரிலிருந்து பெரார்கஞ்ச் தாண்டி உள்ளே ஒரு சின்ன சுகாதார நிலையத்தில் தினக்கூலிக்கு அட்டெண்டர் வேலை. இரண்டு அறை, ஒரு வராண்டா, ஒரு டெலிபோன், சுற்றிப் பாக்குத் தோப்பு. (ஊர்ப் பேர் வேண்டாம். அங்கே இப்போது புத்தியுள்ள ஆள் வேலை பார்க்கிறார்.)

எனக்கு இந்தி தெரியாது. கப்பலில் வரும்போது மூன்று வார்த்தை கற்றுக்கொண்டேன்: பானி, கானா, கித்னா. தண்ணீர், சாப்பாடு, எவ்வளவு. மிச்சத்தைக் கற்றுக்கொடுத்தவர் நிலையத்து நர்ஸ் சிஸ்டர். அவர் கோட்டயத்துக்காரர். அவர் பேசுகிற தமிழில் பாதி மலையாளம், இந்தியில் முக்கால் மலையாளம். அவரிடம் படித்த என் இந்தி எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே யூகித்துக்கொள்ளுங்கள். (நாம் குடியிருக்கிற கராச்சர்மா தெருவில் பெங்காலிப் பிள்ளைகளோடு நீங்கள் சண்டை போடுகிற இந்தியைக் கேட்டால் எனக்கு இப்போதும் பொறாமைதான்.)

வந்த இரண்டாவது வாரம் சிஸ்டர் சொன்னார்:

"எடா மோனே, நாளைக்கு ஸாபோட தௌரா."

"தௌரான்னா என்ன சிஸ்டர்?"

"ஆபீசர் வரும். எல்லாம் நோக்கும். திட்டும். போகும். அதான் தௌரா."

ஆபீசர் வந்தார். நோக்கினார். "எமர்ஜென்சி பேக் எங்கே?" என்று கேட்டார். அந்தச் சிவப்புப் பை, நான் சோறு பொங்க வாங்கிவைத்திருந்த அரிசி மூட்டைக்குப் பின்னால் கிடந்தது. திட்டினார். போனார். போன பிறகு சிஸ்டர் தன் பங்குக்குத் திட்டினார். "அடுத்த தௌராவுக்கு இந்த பேக் உன் கழுத்தில தொங்கணும், கேட்டோ?" என்றார். பையைத் திறந்து ஒவ்வொன்றாகக் காட்டவும் செய்தார். அதில் ஒரு குட்டி மருந்துப் புட்டி, மூக்கில் பீச்சுகிற மாதிரி.

"இது ஃபிட்ஸுக்கு."

"ஃபிட்ஸ்னா?"

"உங்க ஊர்ல என்னா சொல்லும்... கை கால் வெட்டி வெட்டி, கண்ணு மேல போய்..."

"வலிப்பு!"

"அதே. அஞ்சு நிமிஷத்துல தானே நிக்கலைன்னா வேடிக்கை பாக்கண்ட. ரெண்டு மூக்குலயும் அடிச்சிடு. லேட் ஆக ஆக மருந்து கேக்காது."

இப்படி வலிப்பு என்பது எனக்குத் தமிழிலும் தெரியும், இங்கிலீஷிலும் தெரியும். இந்தியில் வலிப்புக்கும் தௌரா என்றுதான் பேர் என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை. ஆபீசர் வந்தாலும் தௌரா. வலிப்பு வந்தாலும் தௌரா. ஒரே சொல். நம் தமிழில் அந்த மாதிரிக் குழப்பம் உண்டா என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். இருக்கும். ஆனால் தமிழில் இருந்தால் எனக்குத் தெரிந்திருக்குமே!

பிறகு அந்தப் புதன்கிழமை வந்தது. காலையிலேயே சிஸ்டரும் டிரைவரும் ஜீப்பை எடுத்துக்கொண்டு பக்கத்து ஊருக்குத் தடுப்பூசி போடப் போய்விட்டார்கள். நான் மட்டும் தனியாக. எங்கள் ஊரில் மழை என்றால் நாம் வெளியே ஓடிவந்து பார்க்கிற பொருள். இங்கே மழை வந்து நம்மைப் பார்க்கும். பகல் ஒரு மணிக்கே வெளிச்சம் பாசி பிடித்த கிணற்றுக்குள் இருக்கிற மாதிரி பச்சையாகிவிட்டது. மழை விட்டால் பாக்குத் தோப்பில் இலைக்கு இலை சொட்டுகிற சத்தம், யாரோ நின்று நின்று நடந்து வருகிற மாதிரி கேட்கும். (மூன்று தடவை எழுந்து போய்ப் பார்த்தேன். மூன்று தடவையும் யாரும் இல்லை. நாலாவது தடவை போகவில்லை. இருந்துவிட்டால் என்ன செய்வது?)

ஒன்று பத்துக்கு டெலிபோன் அடித்தது.

எடுத்தால் முதலில் ஆள் குரல் வரவில்லை. இரைச்சல். அந்த இரைச்சலுக்குப் பின்னால், எங்கேயோ ஆழத்தில், நிறையப் பிள்ளைகள் ஒரே குரலில் எதையோ ஓதிக்கொண்டிருந்தார்கள். அந்த ஓதலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. கேட்கக் கேட்க என் முதுகில் என்னவோ ஊர்ந்தது. அப்புறம் ஒரு கிழவர் குரல் மூச்சு வாங்கிக்கொண்டு கத்தியது:

"மேடம் கோ தௌரா படா ஹை! ஸ்கூல் மே! ஜல்தி!"

என் மூளை அன்றைக்குப் போல என்றைக்கும் வேகமாக வேலை செய்ததில்லை. மேடம் என்றால் பெண் ஆபீசர். தௌரா போட்டிருக்கிறார். ஸ்கூலில் இருக்கிறார். பிள்ளைகள் வரவேற்புப் பாட்டுப் பாடுகிறார்கள். ஜல்தி என்றால் சீக்கிரம். அடுத்தது இங்கேதான்!

"டீக் ஹை, டீக் ஹை! ஹம் ரெடி!" என்று கத்தினேன்.

"ரெடி?" என்றார் கிழவர், தனக்குத்தானே கேட்டுக்கொள்கிற மாதிரி. போன் அறுந்துவிட்டது.

நான் பம்பரமாய்ச் சுழன்றேன். கொடியில் கிடந்த என் லுங்கியை எடுத்துப் பிரசவ அறைக்குள் எறிந்தேன். வராண்டாவைக் கழுவினேன். (மழை ஏற்கெனவே கழுவியிருந்தது.) இரண்டு இளநீர் சீவிவைத்தேன். வேலியில் இருந்த செம்பருத்தியை எல்லாம் பறித்து, பேண்டேஜ் துணியில் நூல் உருவி மாலை கட்டினேன். கேட்டிலிருந்து படிவரைக்கும் இரண்டு பக்கமும் சுண்ணாம்புக் கோடு. அதுதான் மழை அழித்தது, நான் போட்டது, மறுபடி அழித்தது. மூன்றாவது தடவை குடையைப் பிடித்துக்கொண்டே போட்டேன். சுண்ணாம்பு கரைந்து பால் மாதிரி ரோட்டுக்கு ஓடியதை நின்று பார்த்தது ஞாபகம் இருக்கிறது. மாலையைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்த முகமாய்க் கேட்டருகே நின்றேன். யாரும் வரவில்லை. மழை நின்றது. தவளை கூடக் கத்தவில்லை. காலியான ரோட்டைப் பார்த்து நான் மட்டும் சிரித்துக்கொண்டு நிற்கிறேன்.

ஒன்று முப்பத்தைந்துக்குத் திரும்பவும் டெலிபோன். அதே ஓதல். ஆனால் இப்போது மெலிந்திருந்தது, இரண்டு மூன்று பிள்ளைகள் நிறுத்திவிட்ட மாதிரி. கிழவர் இந்தத் தடவை கத்தவில்லை. அழுகிற குரலில் மெதுவாகச் சொன்னார்:

"தௌரா ருக் நஹீ ரஹா..."

ருக் என்றால் நிற்பது. பஸ்ஸில் "ரோக்கோ, ரோக்கோ" என்று கத்துவார்களே, அது. தௌரா நிற்கவில்லை. அடடா! மேடம் இங்கே நிற்காமல் அப்படியே போகப் போகிறார்! இத்தனை சுண்ணாம்பும் வீணா?

அவர் இங்கே நிற்காவிட்டால் நாம் அங்கே போய்விட வேண்டியதுதான் என்று முடிவு செய்தேன். ஒரு கையில் மாலை, ஒரு கையில் இளநீர், கழுத்தில் சிஸ்டர் சொன்ன மாதிரி சிவப்புப் பை. 'எமர்ஜென்சி பேக் எங்கே?' என்று கேட்கட்டும், நெஞ்சை நிமிர்த்திக் காட்டுவேன்! நான் அன்றைக்கு அந்தப் பையை எடுத்துக்கொண்டு போனதற்கு அது ஒன்றுதான் காரணம். புத்தியால் இல்லை, பெருமைக்காக. அந்தப் பெருமை இல்லாவிட்டால் இந்தக் கதையை எழுத எனக்குக் கை வந்திருக்காது.

ஸ்கூலுக்குப் பத்து நிமிஷ நடை. வழியில் ஒரு வரிசை வீடுகள். எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. திண்ணையிலோ முற்றத்திலோ ஒரு ஆள் இல்லை. எல்லோரும் நடவுக்கு வயலுக்குப் போயிருந்தார்கள் என்று பிறகு தெரிந்தது. அப்போது எனக்குத் தோன்றியது வேறு. நான் வருவது தெரிந்து ஒவ்வொருவராக உள்ளே போய்விட்டார்கள், கதவுக்குப் பின்னால் நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று தோன்றியது. ஒரு நாய் என்னைப் பார்த்தது. குலைக்கவில்லை. அதுவும் எழுந்து உள்ளே போனது.

ஸ்கூலை நெருங்க நெருங்க ஓதல் தெளிவாகக் கேட்டது. பாட்டு இல்லை. வாய்ப்பாடு. இந்தியில் ஏழாம் வாய்ப்பாடு. "சாத் ஏகம் சாத், சாத் தூனி சௌதா..." அந்தத் தாளத்துக்கு அடியில் இன்னொரு தாளம் கேட்டது. டக், டக், டக், டக். மரத்தில் மரம் இடிக்கிற சத்தம். அது வாய்ப்பாட்டோடு சேரவில்லை. அதன் பாட்டுக்கு, அதைவிட வேகமாகப் போய்க்கொண்டிருந்தது.

ஒரே அறைப் பள்ளிக்கூடம். உள்ளே பதினைந்து பிள்ளைகள் இருக்கும். அத்தனை பேரும் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, காதைப் பொத்திக்கொண்டு, வாய்ப்பாடு ஓதிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முதுகுக்குப் பின்னால் தரையில் கமலம் மேடம் கிடந்தார்.

அவரை உங்களுக்குத் தெரியும். அப்போது அவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். சிலோன் மலைத் தோட்டத்திலிருந்து இங்கே ரப்பர்த் தோட்டத்துக்கு வந்து குடியேறிய குடும்பம். அந்தப் பள்ளிக்கூடத்துக்கு அவர் ஒருவர்தான் டீச்சர். சின்ன வயதிலிருந்தே வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். மாத்திரை தீர்ந்து நாலு நாள் ஆகியிருந்தது. டவுனுக்குப் போனால் ஒரு நாள் லீவு போடவேண்டும், பிள்ளைகளுக்குப் பரீட்சை என்று போகாமல் இருந்துவிட்டார். இதெல்லாம் பிறகு தெரிந்தது. அப்போது நான் பார்த்தது, அவர் குதிகால் பெஞ்சுக் காலில் இடித்துக்கொண்டே இருந்ததைத்தான். கண் திறந்திருந்தது. ஆனால் அந்தக் கண் எங்களையெல்லாம் விட்டுவிட்டுக் கூரையின் ஒரு மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. நானும் அந்த மூலையைப் பார்த்தேன். அங்கே ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாதது இன்னும் பயமாக இருந்தது.

மேடத்தின் தலையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தவர் வாட்ச்மேன் சோமா தாதா (இந்தியில் தாத்தா), ராஞ்சிக்காரர், போனில் பேசிய கிழவர். காற்றுக் கறுப்பு ஏதாவது பிள்ளைகளைத் தொடாமல் இருக்க ஓதச் சொன்னதும் அவர்தான். அவருக்கு மந்திரம் தெரியாது, பிள்ளைகளுக்கு வாய்ப்பாடுதான் தெரியும். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையில் இருந்த மாலையைப் பார்த்தார்.

படுத்துக் கிடக்கிற ஆளுக்கு ஒருவன் மாலை கொண்டுவந்தால் என்ன அர்த்தம் என்பது எல்லாப் பாஷையிலும் ஒன்றுதான்.

"அபீ ஜிந்தா ஹை!" என்று அலறினார். இன்னும் உயிர் இருக்கு! வாய்ப்பாடு பட்டென்று நின்றது. பதினைந்து பிள்ளைகளும் திரும்பி என்னையும் மாலையையும் பார்த்தார்கள். அந்த அமைதியில் டக், டக், டக் மட்டும் கேட்டது.

'தௌரா' என்பது என்ன என்று எனக்கு அந்த நொடியில் புரிந்தது. எந்த அகராதியும் அப்படிச் சொல்லிக்கொடுத்திருக்காது.

இளநீரைக் கீழே வைத்தேன், மாலையை எங்கே போடுவது என்று தெரியாமல் என் கழுத்திலேயே போட்டுக்கொண்டேன். (கை காலியாக வேண்டுமே!) மேடத்தை ஒருக்களித்துப் படுக்கவைத்தோம். புட்டியைத் திறந்து சிஸ்டர் காட்டிய மாதிரி இரண்டு மூக்கிலும் பீச்சினேன். அங்கிருந்த போனில் சிஸ்டரின் மொபைலைக் கூப்பிட்டேன். மூன்றாவது தடவை கிடைத்தது. "ஃபிட்ஸ்" என்ற ஒரு வார்த்தைதான் சொன்னேன், "வர்றேன்" என்று வைத்துவிட்டார். மருந்து உள்ளே போய்விட்டது, இரண்டு மூன்று நிமிஷத்தில் நின்றுவிடும் என்று காத்திருந்தேன்.

நிற்கவில்லை.

பிள்ளைகளே, அந்த நிமிஷங்களைத்தான் உங்கள் அம்மா சொல்வதில்லை. நானே அவளிடம் சரியாகச் சொன்னதில்லை. சரியான மருந்து. சரியான இடத்தில் போட்டாயிற்று. ஆனால் உள்ளே யாரும் அதை வாங்கிக்கொள்ளவில்லை. ஆள் இருக்கிற வீட்டுக் கதவைத் தட்டுகிறோம், உள்ளே நடமாடுகிற சத்தம் கேட்கிறது, ஆனால் திறக்க யாரும் வரவில்லை. அப்படி இருந்தது. சோமா தாதா பிள்ளைகளைப் பார்த்துக் கையை ஆட்டினார். அவர்கள் விட்ட இடத்திலிருந்து வாய்ப்பாட்டைத் தொடங்கினார்கள்.

ஜீப் வந்தது. மேடத்தைத் தூக்கிப் போட்டுக்கொண்டு பெரார்கஞ்ச் ஆஸ்பத்திரிக்குப் பறந்தோம். அங்கே இருந்தது ஒரு மதுரைக்கார டாக்டரம்மா. சின்ன வயது, கத்தி மாதிரிப் பேச்சு. ஸ்ட்ரெச்சரோடு ஓடிவந்த என்னைப் பார்த்ததும், "யாருய்யா இது, மாப்பிள்ளையா?" என்றார். மாலையைக் கழற்ற மறந்திருந்தேன்.

உடனே அடுத்த கேள்வி வந்தது: "எவ்வளவு நேரமா இழுக்குது?"

சிஸ்டர் என்னைப் பார்த்தார். அவருக்குத் தெரியாது. தெரிந்த ஆள் நான் ஒருவன்தான். என் வாயில் உண்மை வந்து நின்றது. அதற்குப் பின்னாலேயே சுண்ணாம்பு, இளநீர், லுங்கி எல்லாம் வரிசையாக வந்து நின்றன. வேலை போய்விடும். கப்பல் ஏற்றி ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். 'ஆபீசருக்குக் கோலம் போட்டவன்' என்று சாயல்குடி வரைக்கும் பேசுவார்கள்.

"இப்பத்தான் டாக்டர். பதினஞ்சு... ஒரு பதினஞ்சு இருபது நிமிஷம் இருக்கும்."

"ஸ்ப்ரே குடுத்தாச்சா?"

"குடுத்துட்டேன்."

"சரி, பதினஞ்சு இருபதுதானே, அதே ரகத்துல ஊசியா ஒண்ணு போட்டா அடங்கிரும்" என்று நரம்பில் போட்டார். நாங்கள் எல்லோரும் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஆட்டம் குறைந்தது. கை நின்றது. கால் நின்றது. எனக்கு மூச்சு வந்தது. "நின்னுருச்சு டாக்டர்!" என்றேன்.

டாக்டர் குனிந்து மேடத்தின் முகத்தையே பார்த்தார். நானும் பார்த்தேன். உடம்பு சிலை மாதிரிக் கிடந்தது. ஆனால் இமை மட்டும், உற்றுப் பார்த்தால்தான் தெரியும், துடித்துக்கொண்டே இருந்தது. உதட்டோரமும் அப்படியே. அதே வேகம். டக், டக், டக். சத்தம் மட்டும் இல்லை.

"நிக்கல" என்றார் டாக்டர் மெதுவாக. "வெளியில ஒடம்பு களைச்சுப்போச்சு. உள்ள அது பாட்டுக்கு ஓடிக்கிட்டிருக்கு." பிறகு திரும்பி என்னைப் பார்த்தார். "பதினஞ்சு இருபது நிமிஷ வலிப்பு இப்படி இருக்காது. எந்த மருந்தை எடுக்கறதுன்னு நேரத்தை வச்சுத்தான் நான் முடிவு பண்ணணும். நெஜமான நேரத்தைச் சொல்லு. திட்டறதை அப்புறம் திட்டிக்கறேன்."

நான் என் கையைப் பார்த்தேன். விரல் இடுக்கெல்லாம் சுண்ணாம்பு. சுவர்க் கடிகாரத்தில் இரண்டு பத்து.

"ஒண்ணு பத்துக்கு முத போன் வந்துச்சு டாக்டர். நான்... தௌரான்னா ஆபீசர்னு நெனச்சு... வாசல்ல கோடு போட்டுக்கிட்டு இருந்தேன். ஒரு மணி நேரம் ஆச்சு."

யாரும் சிரிக்கவில்லை. இந்தக் கதையைக் கேட்டு யாரும் சிரிக்காத ஒரே தடவை அதுதான். டாக்டரம்மா என்னைத் திட்டவும் இல்லை. "வேற மருந்து எடுங்க" என்றார் நர்ஸிடம். பாட்டிலில் கலந்து வேறு ஒன்றை ஏற்றினார்கள். முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க், போர்ட் பிளேருக்குப் போன், இன்னொரு ஊசி. நான் மூலையில் நின்று அந்த இமையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கால் மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். துடிப்பு விட்டு விட்டு வந்தது. அப்புறம் ஒரு தடவை வந்தது. அப்புறம் அடுத்தது வரும் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. தூங்குகிற முகமாக ஆகிவிட்டது.

மேடத்தைப் போர்ட் பிளேருக்கு வண்டி ஏற்றி அனுப்பின பிறகு டாக்டரம்மா டீ குடித்துக்கொண்டு வராண்டாவில் நின்றார். வாக்குக் கொடுத்தபடி என்னைத் திட்டினார். (அதை எழுத முடியாது. மதுரைத் தமிழ்.) திட்டி முடித்து, "ஸ்ப்ரே ஏன் கேக்கலைன்னு தெரியுமா?" என்று கேட்டு அவரே சொன்னார். எனக்குப் புரிந்தது இதுதான்:

மூளையில் கோடிக்கணக்கான செல்கள் ஒன்றோடொன்று பேசுகின்றன. 'ஓடு' என்று சொல்கிற சேதியும் உண்டு, 'அடங்கு' என்று சொல்கிற சேதியும் உண்டு. அடங்கு என்கிற சேதியைக் கொண்டுபோகிற பொருளுக்குக் காபா என்று பேர். அதை வாங்கிக்கொள்வதற்கென்று ஒவ்வொரு செல்லின் மேல்தோலிலும் சின்னச் சின்ன ஏற்பிகள் உட்கார்ந்திருக்கும். நான் மூக்கில் பீச்சிய மருந்து தானாக வலிப்பை நிறுத்தாது. அந்த ஏற்பியோடு ஒட்டிக்கொண்டு, காபா சொல்கிற 'அடங்கு' இன்னும் பலமாக ஏறும்படி செய்யும். அவ்வளவுதான் அதன் வேலை.

எப்போதுமே அந்த ஏற்பிகளில் சில உள்ளே போகும், சில வெளியே வரும். ஷிப்ட் மாறுகிற மாதிரி. ஆனால் வலிப்பு நிற்காமல் நீண்டுகொண்டே போனால், செல்லின் தோல் அங்கங்கே உள்பக்கமாகக் குழிந்து, குட்டிப் பை மாதிரி ஆகி, அந்த ஏற்பிகளை வாரிக்கொண்டு உள்ளே போய்விடும். போகிற வேகத்துக்குத் திரும்பி வருவது ஈடுகொடுக்காது. நிமிஷத்துக்கு நிமிஷம் மேலே ஆள் குறையும். அதே நேரம் 'ஓடு' என்கிற சேதியை வாங்குகிறவை மேலே கூடிக்கொண்டே போகும். பிரேக்கைக் கழற்றி உள்ளே வைத்துக்கொண்டு ஆக்சிலேட்டரை மிதிக்கிற வண்டி. அப்போது போய் என் மருந்தைப் பீச்சினால் அது யாரோடு ஒட்டும்? அதனால்தான் வேறு வழியில் வேலை செய்கிற மருந்தைத் தேடவேண்டியிருந்தது.

"ஏற்பி செத்துப்போச்சா டாக்டர்?" என்று கேட்டேன்.

"செல வெளிய திரும்பி வரும். செலதை செல்லே உள்ள கரைச்சிரும்" என்றார்.

அலையாத்திக் காட்டுச் சேற்றில் நண்டு பார்த்திருக்கிறீர்களே! சேறு முழுக்கச் சிவப்பாய் நிற்கும். ஒரு காலடிச் சத்தம் கேட்டால் போதும், ஒரே நொடியில் வெறும் சேறு. நண்டு எங்கும் போகவில்லை, காலுக்கு அடியில்தான் இருக்கிறது. நான் கோடு போட்டுக்கொண்டிருந்த ஒவ்வொரு நிமிஷமும் மேடத்தின் தலைக்குள் ஒவ்வொன்றாக வளைக்குள் இறங்கியிருக்கிறது. இன்றைக்கும் சேற்றில் நண்டு இறங்குவதைப் பார்த்தால் எனக்கு உள்ளங்கை சில்லிட்டுப் போகும்.

மேடம் பிழைத்தார். இரண்டு மாதம் கழித்து ஸ்கூலுக்கு வந்தார். அந்த வருஷத்துப் பிள்ளைகளின் பேர் மட்டும் அவருக்குப் பாதிக்கு மேல் தொலைந்துபோயிருந்தது. அதனால்தான் இன்றுவரைக்கும் எல்லோரையும் "ஏய் கண்ணு" என்று கூப்பிடுகிறார். அந்தப் புதன்கிழமையும் முழுசாக இல்லை. காலையில் பூட்டைத் திறந்ததுகூட ஞாபகம் இல்லை என்றார்.

ஆனால் ஒன்று. திரும்பி வந்த முதல் நாள், வகுப்புக்குள் நுழைந்ததும் யாரிடமும் ஒன்றும் பேசாமல் போர்டில் ஏழு பெருக்கல் எட்டு, ஐம்பத்தாறு என்று எழுதி, "சௌவன் இல்ல, சப்பன்! சப்பன்! நூறு தடவை சொல்லுங்க" என்றாராம். பிள்ளைகள் அன்றைக்கு அந்த இடத்தில் ஐம்பத்துநாலு என்றுதான் தப்பாக ஓதிக்கொண்டிருந்தார்களாம். சோமா தாதா என்னிடம் சொன்னார், சொல்லும்போது அவர் கைமயிர் சிலிர்த்து நின்றது. டாக்டரம்மாவிடம் கேட்டேன். அந்த நிலைமையில் எதுவும் கேட்டிருக்காது, நினைவும் நிற்காது, பிள்ளைகள் வழக்கமாகவே அந்த இடத்தில் தப்பு விடுவார்களாக இருக்கும் என்றார். இருக்கும். டாக்டர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

நான் போய் மேடத்தின் காலில் விழாத குறையாக எல்லாவற்றையும் சொன்னேன். கோடு, மாலை, பதினைந்து இருபது நிமிஷம் என்று சொன்ன பொய், எல்லாம். அவர் பொறுமையாகக் கேட்டார். மாலை கட்டத்தில் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. "ஏந் தம்பி, எனக்குன்னு கட்டின மாலையை நீங்களே போட்டுக்கிட்டீங்களா?" என்றார். பிறகு முகம் மாறியது. "கோடு போட்டது தெரியாத்தனம். அதுக்கு நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். நேரத்தை மாத்திச் சொன்னீங்க பாருங்க, அதுலதான் நான் போயிருப்பேன்."

உங்கள் அம்மாவைக் கட்டிக்கொண்ட பிறகு நம் வீட்டில் ஒரு சட்டம் போட்டதற்கு அதுதான் காரணம். என்ன தப்புச் செய்திருந்தாலும், எப்போது நடந்தது என்பதை உண்மையாகச் சொல்லிவிட்டால் அடி கிடையாது. உயர்ந்த நோக்கத்தோடு போட்ட சட்டம். அதை நீங்கள் இரண்டு பேரும் என்ன பாடு படுத்துகிறீர்கள் என்பது கராச்சர்மா முழுக்கத் தெரியும்.

போன மாதம் என் புது மொபைலை மீன் குழம்புச் சட்டிக்குள் போட்டுவிட்டு, பயமே இல்லாமல் என் முன்னால் நிமிர்ந்து நின்று, "நாலு மணி பன்னெண்டு நிமிஷம், அப்பா" என்று சொன்னவன் யார் என்று இங்கே எழுதவில்லை. அவனுக்கே தெரியும். ஓங்கிய கையை இறக்க முடியாமல், கராச்சர்மா ஸ்கூலுக்கு மாற்றலாகி வந்து, அங்கேயே ரிட்டயராகி இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிற மேடத்திடம் போய் நியாயம் கேட்டேன்.

"சட்டியில போட்டானா?" என்றார்.

"ஆமா மேடம். கொதிக்கிற சட்டி. குழம்பும் போச்சு."

"நேரத்தைச் சரியாச் சொன்னானா?"

"சொன்னான்."

"அப்ப விட்டுருங்க தம்பி. நான் நாலாம் வகுப்புல மணி பாக்கச் சொல்லிக்குடுத்த புள்ள அது."